தண்ணீர்த் தடம் – 9: துடுப்புக்குத் திறக்கும் காடு

அமேசான் பயணக் கப்பல்களில் சிறியவை முப்பது நாற்பது பேரை ஏற்றிக்கொண்டு பெருவின் இக்கிட்டோஸிலிருந்தும் பிரேசிலின் மனாவுஸிலிருந்தும் கிளம்புகின்றன. அறை, சாப்பாடு, மேல்தளத்தில் சாய்வு நாற்காலி எல்லாம் உண்டு. ஆனால் காட்டுக்குள் நுழைய அவற்றால் முடியாது. பெரிய ஆற்றிலேயே நின்றுகொண்டு, பயணிகளைச் சின்னப் படகில் இறக்கி ஓடைகளுக்குள் அனுப்புகிறார்கள். மனாவுஸ் பக்கம் ஆண்டுக்கு ஒருமுறை ஆற்று மட்டம் பத்து மீட்டர் அளவுக்கு உயரும். அப்போது மரக் கிளைகளுக்கு நடுவே படகு போகும். எத்தனை லட்சம் கட்டி ஏறினாலும், காட்டைப் பார்ப்பது கடைசியில் அந்தச் சின்னப் படகில்தான்.

இங்கே நம் முகையூர்ப் பக்கம் ஆறு என்றால் தென்பெண்ணை. வருஷத்தில் பெரும்பாலும் மணல்தான். 2024 டிசம்பரில், ஃபெஞ்சல் புயல் மழையோடு சாத்தனூர் அணைத் தண்ணீரும் சேர்ந்து வந்தபோது விழுப்புரம் மாவட்டத்தில் படகு ஓடியது; அது ஆட்களை மீட்க வந்த படகு. படகில் உட்கார்ந்து காடு பார்க்க ஆசைப்பட்டால், நாம் விழுப்புரம், கடலூர், சிதம்பரம் கடந்து கிள்ளைக்குப் போகவேண்டும். அங்கேதான் பிச்சாவரம்.

மழைக்காடு என்று சொல்லி ஏமாற்ற மாட்டேன். வெள்ளாற்று முகத்துக்கும் கொள்ளிட முகத்துக்கும் இடையில் கிடக்கும் அலையாத்திக் காடு இது. அமேசானில் ஆண்டுக்கு ஒருமுறை நடப்பது இங்கே தினம் இரண்டு முறை நடக்கிறது. அளவுதான் குறைவு: கடல் ஏறி இறங்குவது ஒரு மீட்டருக்குள்.

சுற்றுலாத் துறைப் படகுக் குழாமில் மோட்டார் படகும் உண்டு, துடுப்புப் படகும் உண்டு. அவசரக்காரர்கள் மோட்டாருக்குச் சீட்டு வாங்கி, அகலமான வாய்க்காலில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத் திரும்புகிறார்கள். “மோட்டார் இதுக்கு மேல வராது சார், உள்ள துடுப்புதான்” என்றார் எங்கள் படகோட்டி. சொல்லி முடிப்பதற்குள் வெளிச்சம் குறைந்துவிட்டது. இரண்டு கரையிலிருந்தும் சுரபுன்னை வளைந்து வந்து தலைக்கு மேல் கூடுகிறது. கிளையிலிருந்தும் தண்டிலிருந்தும் வேர்கள் இறங்கிச் சேற்றில் ஊன்றி நிற்கின்றன. சுரபுன்னையின் விதை மரத்திலேயே முளைவிட்டு, முருங்கைக்காய் போலத் தொங்கும். பிறகு நாற்றாகவே விழும். சேற்றில் குத்தி நின்றால் அங்கேயே வளரும், இல்லாவிட்டால் தண்ணீரோடு போய் வேறெங்காவது ஒதுங்கும். வெண்கண்டல் உப்பை இலை வழியாக வெளியேற்றிவிடும். இலையைத் தடவி நாக்கில் வைத்தால் கரிக்கும். தில்லை மரத்தில் மட்டும் கை வைக்காதீர்கள், அதன் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. சிதம்பரத்துக்குத் தில்லை என்று பெயர் வந்தது இந்த மரத்தால்தான். எம்.ஜி.ஆரின் ‘இதயக்கனி’ (1975) இங்கே படமானது என்பதையும் படகோட்டிகள் சொல்லாமல் விடுவதில்லை.

படகு போகும் இந்த வாய்க்கால்கள் சுற்றுலாவுக்காக வந்தவை அல்ல. காட்டுக்குத் தண்ணீர் வந்து போகும் வழி இவை. அது அடைபட்டால் என்ன ஆகும் என்பதைப் பிச்சாவரம் பட்டுத் தெரிந்துகொண்டது. வெள்ளைக்காரர் காலத்தில் தொடங்கி 1970கள் வரை, பகுதி பகுதியாக மொத்தமாக மரம் வெட்டினார்கள். நிழல் போன சேறு வெயிலில் காய்ந்து, அமுங்கிப் பள்ளமானது. ஏற்றத்தில் பள்ளத்துக்குள் வந்த கடல்நீர் வற்றத்தில் திரும்பப் போகவில்லை. அங்கேயே சுண்டி உப்பு ஏறியது. அந்த உப்பில் கண்டலும் முளைக்கவில்லை. மேய்ச்சல் மாடும் விறகு வெட்டும் ஏழைகளும்தான் காட்டை அழித்தார்கள் என்று வெகுநாள் பேசினார்கள். எளியவர் தலையில் பழியைப் போடுவது சுலபம்தானே.

1990களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம், வனத்துறை, ஊர்மக்கள் மூவரும் சேர்ந்து அந்தப் பள்ளங்களில் மீன் முள் வடிவில் வாய்க்கால் வெட்டினார்கள். நடுவில் ஒரு பெரிய வாய்க்கால், இருபுறமும் சாய்வாகக் கிளை வாய்க்கால்கள். தண்ணீர் வந்து போகத் தொடங்கியதும் உப்பு குறைந்தது, கரையில் நட்ட கன்றுகள் பிடித்துக்கொண்டன. 2022இல் பிச்சாவரம் ராம்சர் ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தது.

2004 சுனாமியில் கடலோரம் திறந்து கிடந்த எம்.ஜி.ஆர். திட்டு என்ற ஊர் சிதைந்தது, காட்டுக்குப் பின்னால் இருந்த ஊர்கள் பெரும்பாலும் தப்பின. மரங்கள்தான் காத்தன என்று ஆய்வுகள் வந்தன. கடலிலிருந்து இருந்த தூரமும் தரையின் உயரமும்தான் பெரிய காரணம் என்று மறுப்பும் வந்தது. மூன்றுக்கும் பங்கு இருக்கும் என்றே எனக்குத் தோன்றுகிறது.

இந்தக் காட்டை யாரைவிடவும் அறிந்தவர்கள் இருளர்கள். திண்டிவனம், விழுப்புரம் பக்கம் செங்கல் சூளையிலும் கரும்பு வெட்டிலும் நாம் பார்க்கும் அதே சமூகம். இங்கே அவர்களுக்கு ஆதியில் படகும் கிடையாது, வலையும் கிடையாது. கழுத்தளவுத் தண்ணீரில் இறங்கி, ஓலைப்பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு, வேர் இடுக்குகளில் கையால் துழாவி இறால் பிடிப்பார்கள். துடுப்புப் படகுகூட நுழையாத இடங்களுக்கு அவர்கள் உடம்பு போகும். தேடிப் போய்ப் படம் எடுக்காதீர்கள். பிழைப்பு அது, காட்சி அல்ல.

போவதானால் காலையில் போங்கள், நீர் ஏறும் நேரம் கேட்டுக்கொண்டு போங்கள். வற்றத்தில் குறுகிய வாய்க்கால்களில் படகு தரை தட்டும். சீட்டு வாங்கும்போது துடுப்புப் படகு என்று சொல்லி வாங்குங்கள்.

(அடுத்த வாரம்: மரக்காணம் அருகே, கழுவெளி)