ஐந்து வாரத்து ரத்தம்

பெரம்பலூர் பக்கம் திருச்சி–சென்னை நெடுஞ்சாலையில் விபத்து என்றால் அடிபட்டவர் மாவட்ட அரசு தலைமை மருத்துவமனைக்கு வருவார். சிமென்ட் லாரிகள் ஓடும் அரியலூர்ச் சாலைகளில் என்றால் அங்குள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு. ரத்தம் ஏற்ற வேண்டும் என்றதும் சொந்தக்காரர்கள் கேட்பது ஒன்றுதான்: “ஃப்ரெஷ்ஷா கிடைக்குமா சார்?”

கேட்பதில் நியாயம் உண்டு. பைக்குள் போன ரத்தம் சும்மா இருப்பதில்லை. 350 மில்லி பையில் உறையாமலிருக்க சிட்ரேட்டும், சிவப்பணுக்களுக்குத் தீனியாகக் குளுக்கோஸும் இருக்கும். 2 முதல் 6 டிகிரி குளிரிலும் அணுக்கள் மெதுவாகத் தின்றுகொண்டே இருக்கும். கழிவான லாக்டிக் அமிலம் போக்கிடமின்றிப் பைக்குள்ளேயே சேரும். அணுவுக்குள் இருக்க வேண்டிய பொட்டாசியம் வெளியே கசியும். ஆக்சிஜனைத் திசுக்களில் இறக்கிவிட உதவும் 2,3-டிபிஜி என்ற பொருள் இரண்டு வாரத்தில் ஏறக்குறையத் தீர்ந்துவிடும். நடுவில் குழிந்த அணு, மேலெல்லாம் முள் முளைத்துக் கடைசியில் உருண்டையாகிவிடும். சில உடைந்து, மேலே தெளிந்து நிற்கும் மஞ்சள் திரவத்தில் சிவப்பேறும்.

காலாவதித் தேதி போடுவதே இதையெல்லாம் கணக்கிட்டுத்தான். சிபிடிஏ கரைசலில் 35 நாள். எஸ்ஏஜிஎம் சேர்த்த சிவப்பணுவுக்கு 42 நாள். கடைசி நாளில் ஏற்றினாலும், 24 மணி நேரம் கழித்து முக்கால்வாசி அணுக்களாவது உடம்பில் ஓட வேண்டும் என்பது அளவுகோல். டிபிஜியும் ஏற்றிய இரண்டு மூன்று நாளில் மீண்டுவிடும். 2016-இல் வெளியான ‘இன்ஃபார்ம்’ ஆய்வு, புது ரத்தம் பழையதைவிட நல்லதா என்று நான்கு நாடுகளில் 20,000-க்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் சோதித்தது. புது ரத்தம் பெற்றவர்களில் இறந்தவர்கள் 9.1 சதவீதம், பழையது பெற்றவர்களில் 8.7. அதாவது, புதியதால் தனி லாபமில்லை.

விலக்கு உண்டு. பச்சிளங்குழந்தைக்கு ரத்தம் முழுவதையும் மாற்றும்போது பொட்டாசியம் இதயத்தைத் தாக்கலாம் என்பதால், எடுத்துச் சில நாளே ஆன பையைத் தேடுவார்கள். டெங்குக் காலத்தில் அலைந்து தேடும் தட்டணுக்களின் ஆயுளோ ஐந்தே நாள். அவற்றைக் குளிரில் வைக்காமல், அறை வெப்பத்தில் ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும்.

மற்றவர்களும் புதியதே வேண்டும் என்று நின்றால், முதலில் போக வேண்டிய பழைய பைகள் அலமாரியிலேயே காலாவதியாகும். சிறிய ஊர் ரத்த வங்கிக்கு அது பெரிய இழப்பு. மகனிடமிருந்து இப்போதுதான் எடுத்த ரத்தமானாலும் எச்ஐவி, மஞ்சள் காமாலை பி, சி, மேகநோய், மலேரியா சோதனைகள் முடியாமல் ஏற்ற முடியாது.

பையின் வயதைக் கேட்பவர்கள், அது குளிர்பெட்டியை விட்டு எப்போது வெளியே வந்தது என்று கேட்பதில்லை. அரை மணிக்குள் ஏற்றத் தொடங்கி, நான்கு மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். சில்லென்று இருக்கிறதே என்று வெந்நீரில் போட்டால், நேற்று எடுத்த ரத்தமும் பைக்குள்ளேயே உடைந்துபோகும்.