எத்தனை அடி போகணும்?

தீப்பெட்டியும் பட்டாசும் காய வெயில் வேண்டும். மழை குறுக்கே வரக் கூடாது. 1922-ல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்க் கற்றுவந்த தொழில் சிவகாசியில் வேர்பிடித்ததற்கு இந்த வானமும் ஒரு காரணம். அதே வானத்தின் புண்ணியத்தில்தான் விருதுநகர்ப் பக்கம் வீடு கட்டுகிறவர்கள், பூமி பூஜை முடிந்த கையோடு போர்வெல்காரருக்குப் போன் போடுகிறார்கள். முதல் கேள்வி: "எத்தனை அடி போகணும்?"

இதற்கு யாராலும் பதில் சொல்ல முடியாது. காவிரி டெல்டாவைப் போல இங்கே பூமிக்கடியில் மணற்படுகை இல்லை. மேலே கரிசல், கீழே உதிரிப் பாறை, அப்புறம் சார்னோக்கைட், நைஸ் என்று இறுகிய பாறை. அந்தப் பாறையின் வெடிப்புகளில்தான் தண்ணீர். வெடிப்பு குறுக்கிட்டால் 180 அடியிலேயே ஊற்று கிடைக்கும்; இல்லையென்றால் 800 அடியிலும் தூசிதான். கீழே போகப் போக, மேலே இருக்கும் பாரத்தில் வெடிப்புகள் பெரும்பாலும் நெருங்கி மூடிக்கொள்கின்றன. பக்கத்து வீட்டு ஆழத்தை வைத்து நம் வீட்டுக்குக் கணக்குப் போட முடியாது.

தேங்காயை உள்ளங்கையில் வைத்து நீரோட்டம் பார்ப்பவர்கள் இல்லாத ஊர் கிடையாது. ஜெர்மனியில் மியூனிக் பக்கம் 1980-களின் கடைசியில் இதுபோல நீரோட்டம் பார்ப்பவர்களை வைத்துப் பெரிய சோதனையே நடந்தது. அதன் முடிவுகளை மறுபடி அலசிய ஆய்வாளர் ஜிம் என்ரைட், குருட்டாம்போக்கில் சொல்வதைவிட எதுவும் மேலாகத் தேறவில்லை என்று காட்டினார். மின்தடை ஆய்வு இதைவிட மேல். மண்ணில் கம்பிகளை ஊன்றி மின்சாரம் செலுத்தினால், ஈரமான வெடிப்பு அதை எளிதாகக் கடத்தும். களிமண்ணும் உப்புத் தண்ணீரும்கூடக் கடத்தும் என்பதால் கரிசல் காட்டில் அதையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப வேண்டாம்.

வருகிற ரிக் லாரி பெரும்பாலும் திருச்செங்கோட்டு வண்டியாக இருக்கும்; இந்தியா முழுக்க ஓடும் ரிக்குகளுக்கு அதுதான் தாய்வீடு. எந்திரம் சுற்றிச் சுற்றிப் பாறையைக் குடைகிறது என்றுதான் நினைப்போம். உண்மையில் அது அடிக்கிறது. ராடின் நுனியில், குழியின் அடியிலேயே ஒரு சுத்தியல் இருக்கிறது. கம்ப்ரஷர் காற்று ராடுக்குள் இறங்கி, அதன் பிஸ்டனை நிமிடத்துக்கு ஆயிரம் தடவைக்கு மேல் அடிக்க வைக்கும். டங்ஸ்டன் கார்பைடு பொத்தான் பதித்த பிட் பாறையை நொறுக்கும். ராடு சுழல்வது ஒவ்வொரு அடியும் புது இடத்தில் விழுவதற்காக. 1967-ல் பிகார் வறட்சிக்காக யுனிசெஃப் கொண்டுவந்த பிறகே இவ்வகை ரிக்குகள் இந்தியக் கிராமங்களுக்குப் பழக்கமாயின.

நொறுங்கிய தூளை அதே காற்று மேலே தள்ளும். அதைப் பார்த்துக்கொண்டு நிற்பதுதான் வீட்டுக்காரரின் வேலை. 20 அடிக்கு ஒரு பிடி எடுத்துச் சாக்கின்மேல் வரிசையாக வையுங்கள். பழுப்பாக இருக்கும்வரை உதிரிப் பாறை. சாம்பல் நிறமாகி அப்படியே நின்றால் கெட்டிப் பாறை. சாம்பலுக்கு நடுவே மறுபடி பழுப்புத் துண்டு வந்தால் உஷாராகுங்கள்: தண்ணீர் ஓடித் துருவேறிய வெடிப்பாக இருக்கலாம். குழிக்குள் இறங்கும் ராடையும் எண்ணுங்கள். ஆழம் கூடக் கூட அடி ரேட்டும் ஏறும் என்பதால், பில்லில் ஒரு ராடு கூடினாலே கணிசமான பணம்.

தண்ணீர் வந்ததும் "ஒரு இன்ச்சுதான், இன்னும் போவோமா?" என்பார்கள். இங்கேதான் பணம் போகிறது. செங்கோணமாக வெட்டிய வி வடிவத் தகட்டின் வழியே ஒரு இன்ச் உயரத்துக்குத் தண்ணீர் ஓடினால் நிமிடத்துக்குச் சுமார் 9 லிட்டர். இரண்டு இன்ச் என்றால் 18 அல்ல, ஏறக்குறைய 50. நகரத்தில் ஆளுக்கு நாளைக்கு 135 லிட்டர் என்பது அரசுக் கணக்கு. நாலு பேர் வீட்டுக்கு 540. ஒரு இன்ச் ஊற்று அதை ஒரு மணி நேரத்தில் தந்துவிடும். ஆறரை இன்ச் அகலக் குழியே அடிக்கு ஆறு லிட்டருக்கு மேல் சேமித்தும் வைக்கும். இரண்டு இன்ச் வேண்டும் என்பது தோட்டத்துக்காரர் கணக்கு. மூன்று சென்ட் வீட்டுக்கு எதற்கு?

மிச்சமாகும் காசைக் கேசிங் பைப்பில் போடலாம். உதிரிப் பாறை முடிகிறவரை பைப் இறங்கி, கெட்டிப் பாறைக்குள் சில அடி உட்கார வேண்டும். பைப்புக்கு வெளியே இருக்கும் இடைவெளியை வெட்டிய தூளாலேயே மூடிவிட்டுப் போவதுதான் வழக்கம். சிமென்ட் பால் ஊற்றச் சொல்லுங்கள். கோடையில் கரிசல் பாளம் பாளமாக வெடிக்கும். முதல் மழையில் தெருச் சாக்கடையும் செப்டிக் டேங்க் கசிவும் அந்த இடைவெளி வழியாகத்தான் உள்ளே போகும். செப்டிக் டேங்கிலிருந்து 50 அடியாவது தள்ளிப் போடுங்கள். குழாய்க்கு மூடி, சுற்றிச் சிமென்ட் மேடை, தோல்வியான போர்வெல்லை மண்ணால் நிரப்புவது எல்லாம் 2010-லேயே உச்ச நீதிமன்றம் கட்டாயமாக்கியவை. அப்படியும் 2019-ல் மணப்பாறை பக்கம் நடுக்காட்டுப்பட்டியில் போர்வெல்லில் விழுந்த ஒரு குழந்தையை இழந்தோம்.

சிவகாசிக்காரர்களுக்கு இன்னொன்றும் உண்டு. பட்டாசுக்கு ஆக்சிஜன் தரும் பெர்குளோரேட் உப்பு நீரில் எளிதில் கரையும். மண்ணில் ஒட்டாமல் கீழே இறங்கிவிடும். நிறமோ ருசியோ காட்டிக்கொடுக்காது. உடம்பில் தைராய்டு சுரப்பிக்கு அயோடின் போகாமல் தடுக்கும். 2013-ல் வெளியான ஓர் ஆய்வில், சிவகாசியில் எடுத்த 57 நிலத்தடி நீர் மாதிரிகளில் 17, அமெரிக்கா அப்போது வைத்திருந்த லிட்டருக்கு 15 மைக்ரோகிராம் வரம்பைத் தாண்டின. உச்ச அளவு 7,690. உலக சுகாதார நிறுவனம் பின்னர் 2017-ல் சொன்ன வரம்பு 70தான். அந்த ஆய்வில் குழாய்த் தண்ணீரில் ஒரு மைக்ரோகிராம்கூட இல்லை.

இந்தியக் குடிநீர்த் தரப் பட்டியலான ஐ.எஸ். 10500-ல் பெர்குளோரேட் இல்லை. அதனால் உப்பு, கடினத்தன்மை, ஃபுளோரைடு, நைட்ரேட் பார்க்கும் வழக்கமான சோதனையில் இது தெரியாது. லேபில் தனியாகக் கேட்க வேண்டும். காய்ச்சினால் போகாது, ஆர்.ஓ. எந்திரம் பெருமளவு பிடித்துக்கொள்ளும். பட்டாசு ஆலைக்குப் பக்கத்தில் இருப்பவர்கள் குடிக்கவும் சமைக்கவும் மாநகராட்சிக் குழாய்த் தண்ணீரையும், மற்ற வேலைக்குப் போர்வெல் தண்ணீரையும் வைத்துக்கொள்வது நல்லது. சோதனைக்குச் சித்திரையில் ஒருமுறை, ஐப்பசி கார்த்திகை மழை ஓய்ந்தபின் ஒருமுறை தண்ணீர் எடுங்கள். பாட்டிலில் பிடிக்கும் முன் மோட்டாரைப் பத்து நிமிடமாவது ஓடவிடுங்கள். பைப்பில் தேங்கிக் கிடந்ததைச் சோதித்துப் பயனில்லை.