நான் கீபோர்டு என்றால் கீபோர்டுதான்

ஆர்டுயினோ லியோனார்டோ பலகையில் எழுத்துச் சாவி ஒன்றுகூடக் கிடையாது. ஆனாலும் அதற்கான நிரலை ஏற்றி யூஎஸ்பி ஒயரில் கணினியோடு இணைத்தால், திறந்திருக்கும் பக்கத்தில் தன்பாட்டுக்கு டைப் அடிக்கும். 2012இல் வந்த இந்தப் பலகையின் மூளை ஒரு மைக்ரோகண்ட்ரோலர். செயலி, நினைவகம் எல்லாம் ஒரே சில்லில் அடங்கிய குட்டிக் கணினி. அதன் வேலை நினைவகம் வெறும் இரண்டரை கிலோபைட். இந்தக் கட்டுரையை முழுசாக வைத்துக்கொள்ளக்கூட அதில் இடம் போதாது.

செருகியதும் ஒரு சிறு மின்தடை, தரவுக் கம்பி ஒன்றின் மின்னழுத்தத்தை மேலே இழுக்கிறது. யாரோ வந்திருப்பது கணினிக்குத் தெரிவது இதனால்தான். உடனே 1 முதல் 127க்குள் ஓர் எண்ணை முகவரியாகத் தந்து, 'நீ யார்?' என்று விசாரிக்கிறது. 'ஹெச்ஐடி வகை' என்கிறது பலகை. மனிதர் கையாளும் கீபோர்டு, மவுஸ் போன்றவற்றுக்கான வகை அது. அத்தாட்சி எதையும் கணினி கேட்பதில்லை. சொன்னதை அப்படியே நம்பிவிடுகிறது!

அதன்பிறகும் பலகை தானாக வாய் திறக்க முடியாது. சில மில்லிவிநாடிக்கு ஒருமுறை கணினி 'ஏதாவது உண்டா?' என்று கேட்கும்; கேட்டால்தான் பதில். சாவிகளைப் பற்றிய தகவல் மொத்தமே 8 பைட். முதல் பைட்டில் ஷிஃப்ட், கண்ட்ரோல் வகையறா. அடுத்தது காலி. மீதி ஆறில் அழுத்திய சாவிகளின் எண்கள். விரலை எடுத்துவிட்டோம் என்பதையும் சொல்லியாக வேண்டும், எட்டு பைட்டும் சுழியமாக. நிரல் எழுதுபவர் அதை மறந்தால் கணினி அதே எழுத்தைத் திரை முழுக்கக் கொட்டித் தீர்த்துவிடும்.

இதில் எனக்குப் பிடித்தது, அந்த எண்கள் சாவியின் இடத்தை மட்டுமே குறிக்கின்றன என்பது. பலகை 11 என்று அனுப்பினால் ஆங்கிலத் தளக்கோலத்தில் 'ஹெச்' விழும். தமிழ்99 தேர்ந்திருந்தால் 'க' விழும். பலகைக்கு எந்த மொழியும் தெரியாது. மவுஸாக நடிப்பது இன்னும் எளிது: பொத்தான்களின் நிலை, பிறகு போன முறையிலிருந்து எவ்வளவு நகர்ந்தது என்ற கணக்கு, அவ்வளவுதான்.

லியோனார்டோவின் சில்லில் யூஎஸ்பிக்கென்றே மின்சுற்று உண்டு. டிஜிஸ்பார்க் என்ற சின்னஞ்சிறு பலகையில் இருக்கும் ஏடிடைனி85 சில்லில் அதுவும் இல்லை. எட்டே கால்கள், நினைவகம் 512 பைட். வி-யூஎஸ்பி என்ற நிரல் அந்த மின்சுற்றின் வேலையை மென்பொருளாலேயே செய்துவிடுகிறது. ஒயரில் விநாடிக்கு 15 லட்சம் பிட்கள் ஓடுகின்றன. சில்லின் இதயமோ விநாடிக்கு 1 கோடியே 65 லட்சம் முறை துடிக்கிறது. வகுத்துப் பார்த்தால் பிட் ஒன்றுக்குப் 11 துடிப்பு. கம்பியைப் பார்ப்பது, பிட்டைப் படிப்பது, எடுத்துச் சேர்ப்பது எல்லாம் அதற்குள் முடிய வேண்டும். துல்லியமாகத் துடிக்க உதவும் குவார்ட்ஸ் படிகமும் அங்கே இல்லை. கணினி அனுப்பும் மில்லிவிநாடிச் சமிக்ஞையை அளந்தே தன் கடிகாரத்தைச் சரிசெய்துகொள்கிறது.

அத்தாட்சி கேட்காத நம்பிக்கைக்கு மறுபக்கமும் உண்டு. ஒரு பென்டிரைவின் உள்நிரலை மாற்றினால் அதுவும் தன்னைக் கீபோர்டு என்று சொல்லிக்கொள்ளும் என்பதை 2014இல் பிளாக் ஹாட் கணினிப் பாதுகாப்பு மாநாட்டில் கார்ஸ்டன் நோல், ஜேக்கப் லெல் இருவரும் காட்டினார்கள். கண்ட பென்டிரைவையும் செருகாதே என்பது இதற்காகவும்தான்.

வீட்டில் செய்து பார்ப்பவர்கள் முதலில் ஒரு சுவிட்சை வையுங்கள். அதைப் போட்டால்தான் டைப் அடிக்க வேண்டும் என்று எழுதிவிடுங்கள். இல்லையென்றால் நிரலில் பிழை திருத்த உட்காரும்போது, பலகை அந்த நிரலுக்குள்ளேயே டைப் அடிக்க ஆரம்பித்துவிடும்.