தாத்தாவின் பத்திரம் பேரனுக்குக் கிடைக்குமா?

பல வீடுகளில் ஒரு டிரங்குப் பெட்டி இருக்கும். கட்டிலுக்கு அடியிலோ, பரண் மேலோ கிடக்கும். அதற்குள் நிலப் பத்திரம், பட்டா, உயில், ஜாதகம், பள்ளிச் சான்றிதழ், தாத்தா எழுதிய கடிதங்கள் எல்லாம் இருக்கும்.

பெட்டிக்குப் பூட்டு உண்டு. ஆனால் பூட்டைத் திறக்காமலே உள்ளே போகும் திருடர்கள் மூவர் இருக்கிறார்கள். ஈரம், பூச்சி, அமிலம் ஆகியவையே அந்த மூவர். நான்காவது திருடன் யார் தெரியுமா? நல்லது செய்வதாக நினைத்துக் கொண்டு காகிதத்தைக் கெடுக்கும் வீட்டுக்காரர்தான்!

காகிதம் போனால் என்ன?

"போனால் நகல் வாங்கிக் கொள்ளலாம்" என்று பலர் நினைக்கிறார்கள். அது பாதி உண்மை. பதிவு செய்த கிரயப் பத்திரத்துக்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் சான்றிட்ட நகல் கிடைக்கும். ஆனால், மூலப் பத்திரம் தொலைந்து விட்டால் போலீசில் புகார், பத்திரிகையில் விளம்பரம் என்று அலைய வேண்டியிருக்கும்.

பதிவு செய்யாத காகிதத்துக்கு நகலே கிடையாது. உயிலைப் பதிவு செய்ய வேண்டும் என்று சட்டத்தில் கட்டாயம் இல்லை. ஆகவே, பல உயில்கள் வீட்டுப் பெட்டியிலேயே இருக்கின்றன. அதைக் கரையான் தின்று விட்டால், அண்ணன் தம்பிக்குள் வழக்கு வரலாம்.

1964-ம் ஆண்டு சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தப்படி இலங்கைத் தோட்டங்களிலிருந்து தாயகம் திரும்பிய குடும்பங்கள் பல. அவர்கள் கொண்டு வந்த பாஸ்போர்ட்டும் குடும்ப அட்டையும் வெறும் காகிதம் அல்ல. அவர்கள் யார், எங்கிருந்து வந்தார்கள் என்பதற்கு அவைதான் சாட்சி.

ஈரமும் பூச்சியும்

மழைக்காலத்தில் காகிதம் காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சும். பிறகு பூஞ்சணம் பிடிக்கும். பூஞ்சண வாடைக்குப் பின்னாலேயே பூச்சி வரும். வெள்ளி போல் மின்னும் இராமபாணப் பூச்சி காகிதத்தையும் பசையையும் அரித்துத் தின்னும். கரையானோ தரையிலிருந்தும் சுவரிலிருந்தும் மண் பாதை கட்டிக் கொண்டு வரும்.

எனவே, பெட்டியைத் தரையில் வைக்காதீர்கள். நான்கு செங்கல் மேல் வையுங்கள். சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். சமையலறை, குளியலறைச் சுவர் அருகே வேண்டாம். ஓடு ஒழுகும் பரணும் வேண்டாம். மாதம் ஒரு முறை பெட்டியின் அடியில் மண் கோடு தெரிகிறதா என்று பாருங்கள்.

நம் முன்னோர் சுவடிக் கட்டுகளில் வசம்பு வைத்தார்கள். தஞ்சை சரசுவதி மகால் நூலகத்திலும் வசம்பு, கிராம்பு, மிளகு, கற்பூரம் முதலியவற்றைப் பொடித்துத் துணியில் முடிந்து வைக்கும் வழக்கம் உண்டு. வீட்டிலும் வைக்கலாம். நன்றாகக் காய்ந்த வேப்பிலையும் வைக்கலாம். பச்சை இலை கூடாது. அதில் ஈரம் இருக்கிறது. ஆனால், இவை பூச்சியை விரட்டுமே தவிர, கரையானைத் தடுக்காது. அதற்கு உங்கள் கண்தான் மருந்து.

காகிதத்துக்குள்ளே இருக்கும் பகை

வெயிலில் கிடந்த செய்தித்தாள் சில நாளில் மஞ்சளாகி விடுவதைப் பார்த்திருப்பீர்கள். மரக்கூழில் செய்த மலிவுக் காகிதத்தில் அமிலம் உண்டாகும். அது காகிதத்தை உள்ளிருந்தே தின்னும். காகிதம் அப்பளம் போல் நொறுங்கும். வெயிலும் சூடும் பட்டால் இன்னும் விரைவாக நொறுங்கும்.

இந்த அமிலம் பக்கத்துக் காகிதத்துக்கும் பரவும். ஆகவே, பத்திரத்தைப் பழைய செய்தித்தாளில் சுற்றி வைப்பது தவறு. சாயம் போகாத, கஞ்சி போடாத, துவைத்துக் காய்ந்த வெள்ளைப் பருத்தித் துணி நல்லது.

வீட்டுக்காரர் செய்யும் தவறுகள்

பத்திரம் கிழிந்தால் உடனே செலோடேப் ஒட்டுகிறார்கள். சில ஆண்டுகளில் டேப் உதிர்ந்து விடும். அதன் பசை மட்டும் பழுப்புக் கறையாகக் காகிதத்தில் ஊறி நிற்கும்.

சிலர் பத்திரத்தையும் சான்றிதழையும் லேமினேட் செய்கிறார்கள். இது பெருந்தவறு. சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக்கை, காகிதத்தைக் கெடுக்காமல் பிரிப்பது மிகவும் கடினம். கைரேகை, முத்திரை ஆகியவற்றைச் சோதிப்பதும் கடினமாகி விடும்.

குண்டூசி துருப்பிடிக்கும். ரப்பர் வளையம் உருகி ஒட்டிக் கொள்ளும். நான்காக மடித்த பத்திரம் மடிப்பிலேயே கிழியும். ஆகவே, ஊசியை எடுத்து விடுங்கள். காகிதத்தை விரித்துத் தட்டையாக வையுங்கள். மடிப்பு விறைத்திருந்தால் இழுத்து விரிக்காதீர்கள். சிறிது சிறிதாக விரியுங்கள்.

பனை ஓலைச் சுவடி இருந்தால் தேங்காய் எண்ணெய் தடவ வேண்டாம். அழுத்தித் துடைக்கவும் வேண்டாம். சென்னையில் உள்ள அரசினர் கீழ்த்திசைச் சுவடி நூலகம் போன்ற இடத்தில் காட்டி யோசனை கேளுங்கள்.

நனைந்து விட்டால்?

2015-ம் ஆண்டு டிசம்பர் மாதம் சென்னையில் பெருவெள்ளம் வந்தது. எத்தனையோ வீடுகளில் பெட்டியோடு காகிதங்கள் மூழ்கின. நகல் ஆவணங்கள் கொடுக்க அரசு சிறப்பு முகாம்களை நடத்தியது. ஆனால் முகாமில் தாத்தாவின் கடிதம் கிடைக்குமா?

நனைந்த காகிதத்தை வெயிலில் போடாதீர்கள்; சுருங்கிக் கோணலாகி விடும். நிழலில், மின்விசிறிக் காற்று மெதுவாகப் படும்படி பரப்புங்கள். அடியில் வெள்ளைத் துணி போடுங்கள். துணி ஈரமானதும் மாற்றுங்கள். ஒட்டிக் கொண்ட தாள்களை வலிந்து பிரிக்காதீர்கள். இரண்டு நாளில் பூஞ்சணம் வரத் தொடங்கும். அதற்குள் உலர்த்த முடியாவிட்டால், கட்டைப் பிளாஸ்டிக் பையில் போட்டுக் குளிர்சாதனப் பெட்டியின் உறைபனி அறையில் வையுங்கள். பூஞ்சணம் பரவாமல் நிற்கும். பிறகு நிதானமாக உலர்த்தலாம்.

நகலும் பட்டியலும்

எல்லாவற்றுக்கும் ஒரு நகல் எடுத்து வேறு வீட்டில் வையுங்கள். ஊரில் இருக்கும் தங்கை வீட்டில் இருக்கட்டும். செல்போனில் படமும் எடுத்து வையுங்கள். பணம் கட்டியதற்கு இயந்திரம் தரும் வழவழப்பான ரசீதுகளில் எழுத்து சில மாதங்களிலேயே மங்கி விடும். அவற்றுக்கு அன்றே நகல் எடுப்பது நல்லது.

கடைசியாக ஒன்று. பல வீடுகளில் குடும்பத் தலைவர் கண் மூடிய பிறகுதான், "பத்திரம் எங்கே?" என்ற கேள்வி எழுகிறது. பதில் சொல்ல ஆள் இருப்பதில்லை. ஒரு தாளில் என்னென்ன காகிதம், எங்கே இருக்கிறது என்று எழுதி வையுங்கள். மனைவிக்கும், வளர்ந்த பிள்ளைகளுக்கும், பெண் மக்களுக்கும் சொல்லி வையுங்கள்.

இன்று ஞாயிற்றுக்கிழமை. எல்லோரும் வீட்டில் இருக்கிறார்கள். பெட்டியைக் கீழே இறக்குங்கள். பிள்ளைகளை அருகில் உட்கார வைத்து, ஒவ்வொரு காகிதமாகக் காட்டுங்கள். "இது உங்கள் பாட்டனார் கைநாட்டு" என்று சொல்லுங்கள். மதிப்புத் தெரிந்த பிள்ளை, பிறகு தானே அதைக் காப்பாற்றும்.