பெண் பிள்ளையின் உடலும் நமது வழக்கங்களும்

இடம்பெயர்ந்து வந்த குடும்பங்களுக்கு வழக்கங்களின் அருமை தெரியும். காணியும் கிணறும் மாடுகளும் போய்விட்டன. பிள்ளைக்குப் பெயர் வைப்பதும் முதற் சோறு தீத்துவதும் மட்டும் கூடவே வந்தன. ஆகவே ஒரு வழக்கத்தைக் குறை சொன்னால் நமக்கு மனம் நோகும். எனினும் அது பிள்ளைக்குத் தீங்கு செய்யுமானால் பேசாதிருக்க முடியாது. பெண் பிள்ளைகளின் பிறப்புறுப்பை வெட்டும் அல்லது கீறும் வழக்கம் அத்தகையது.

எங்கே நடக்கிறது?

இது ஆபிரிக்காவில் மட்டும் உள்ளதென்று பலர் எண்ணுகின்றனர். இலங்கையிலும் முஸ்லிம் மக்களில் ஒரு பகுதியினரிடையே இது உண்டு. சோனக, மலாய் குடும்பங்களில் பெரும்பாலும் குழந்தை பிறந்து நாற்பது நாளளவில் ‘ஒஸ்தா மாமி’ எனப்படும் பெண் வீட்டுக்கு வந்து செய்வார். கொழும்பிலுள்ள போரா சமூகத்தில் ஏழு வயதளவில் ‘கத்னா’ என்ற பெயரில் செய்யப்படுகிறது. பெண்களுக்குள்ளேயே நடப்பதால் ஆண்கள் பலருக்கு இது தெரியாது.

இது ஒரு மதத்துக்கு மட்டும் உரியதன்று. எகிப்து, எத்தியோப்பியா நாடுகளில் கிறிஸ்தவர்களிடையேயும் உண்டு. குர்ஆனில் இதற்குக் கட்டளை இல்லை. 2007இல் எகிப்தின் தலைமை முப்தி இது விலக்கப்பட்டது என்றார். 2008இல் அகில இலங்கை ஜம்இய்யத்துல் உலமா இது கடமை என்றது. மார்க்க அறிஞரிடையேயே கருத்து வேறுபாடு உண்டு என்பதை இதிலிருந்து அறியலாம்.

உடல்நலம்

“சிறு கீறல்தானே” என்பார்கள். பச்சிளங் குழந்தையின் உறுப்பு மிகச் சிறியது. பிள்ளை துடிக்கும்போது பிளேடு எவ்வளவு ஆழம் போகும் என்று யார் அளந்து சொல்ல முடியும்? இரத்தப்போக்கு, கிருமித்தொற்று, சிறுநீர் கழிக்கையில் வேதனை ஆகியன உண்டாகலாம். கடுமையாக வெட்டப்பட்டால் பிற்காலத்தில் பிரசவமும் ஆபத்தாகும். இதனால் உடலுக்கு எந்த நன்மையும் இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. வைத்தியர்கள் இதைச் செய்யக்கூடாதென 2018இல் நமது சுகாதார அமைச்சு சுற்றறிக்கை அனுப்பியது. ஆனால் வீட்டுக்குள் நடப்பதைச் சுற்றறிக்கை எட்டாது.

உரிமை

இலங்கை 1981இல் பெண்களுக்கெதிரான பாரபட்சத்தை ஒழிக்கும் உடன்படிக்கையையும், 1991இல் சிறுவர் உரிமைச் சமவாயத்தையும் ஏற்றது. பிள்ளையின் நலனைக் கெடுக்கும் மரபுகளை ஒழிக்க வேண்டுமென்று சமவாயம் சொல்கிறது. நாற்பது நாள் பிள்ளையிடம் யாரும் சம்மதம் கேட்க முடியாது. வெட்டியதைத் திரும்ப வைக்கவும் முடியாது. 2017இல் முஸ்லிம் பெண்கள் சிலரே பாராளுமன்றக் குழுவொன்றின் முன் இதை எடுத்துரைத்தனர்.

மாற்றம் எப்படி வரும்?

1929இல் கென்யாவில் ஸ்கொத்லாந்து மிஷன், இவ்வழக்கத்தைக் கைவிடுவதாக உறுதி தரும்படி கிக்குயு மக்களிடம் கேட்டது. பலர் சினந்து வெளியேறித் தனிச் சபைகளும் பள்ளிகளும் அமைத்தனர். வழக்கம் அவர்களுக்கு இன மானமாகிவிட்டது. செனகல் நாட்டின் மலிக்குண்டா பம்பாரா கிராமத்தில் நடந்ததோ வேறு. அங்கு பெண்கள் தங்கள் மொழியில் உடல்நலமும் உரிமையும் கற்றார்கள். குடும்பத்தாருடன் பேசினார்கள். 1997இல் ஊராகவே இதைக் கைவிட்டார்கள். ஒரு வீடு மட்டும் விட்டால் “அந்தப் பிள்ளையை யார் கட்டுவார்?” என்ற பயம் வரும், ஊரே விட்டால் அந்தப் பயம் இல்லை.

மட்டக்குளியிலும் நலன்புரி முகாம்களிலும் தமிழரும் முஸ்லிம்களும் அடுத்தடுத்து வாழ்ந்திருக்கிறோம். ஒரே குழாயில் தண்ணீர் பிடித்திருக்கிறோம். அயலவரின் வழக்கத்தை இகழ்ந்து பேசினால் அவர்கள் கதவைச் சாத்துவார்கள். இகழாதிருந்தால், ஒரு தாய் என்றாவது மனந்திறந்து கேட்கக்கூடும். அப்போது குடும்பநல மாதுவிடம் அவரைக் கூட்டிச் செல்லுங்கள். தகப்பன்மாரும் இதை அறிய வேண்டும். பெயர் சூட்டுவதும் விருந்து வைப்பதும் துஆ ஓதுவதும் அப்படியே இருக்கட்டும். பிளேடு மட்டும் வேண்டாம்.