செவிவழிப் படிக்குந் திரை

கல்வி கண்ணின் பாற்பட்டதென்றே இக்காலத்தார் பெரும்பாலும் எண்ணுவர். நம் முன்னோர் அவ்வாறு எண்ணினாரல்லர். பாடம் படித்தான் என்பதினும் பாடங் கேட்டான் என்பதே பழைய வழக்கு. நன்னூலார் பாடங்கேட்டலின் வரலாற்றைப் பாயிரத்துள் தனியே வகுத்துரைத்தார். வள்ளுவர் கேள்விக்கென ஓர் அதிகாரமே அமைத்தார். அந்தகக்கவி வீரராகவ முதலியார் தம் முதுகிலே பிறர் எழுதிக்காட்ட எழுத்தறிந்தார் என்பது வழிவழி வந்த செய்தி. கண்ணிழந்தோர் இன்று கணினியைக் கையாளும் முறையை ஆராயப்புகுவார்க்கு இப்பழஞ்செய்திகள் நினைவில் எழாமற் போகா.

கணினியை ஏவும் வழி இரண்டு. சாளரங்களையும் படங்களையும் சுட்டியினால் தொட்டு ஏவுவது ஒன்று. கட்டளையை ஒரு வரியில் எழுதி, விடையையும் வரிகளாகவே பெறுவது மற்றொன்று. பின்னையதற்கு இடமாகிய திரையை முனையம் என்பர். முற்காலத்தில் அது திரையாகவும் இருக்கவில்லை. தாளிலே வரிவரியாக அச்சிடும் தந்திப்பொறியாகவே இருந்தது. 1978 இல் வெளிவந்த பெயர்பெற்ற வீ.ரி. 100 என்னும் முனையம், வரிக்கு எண்பது எழுத்தாக இருபத்துநான்கு வரிகளைக் காட்டியது. அங்கே எழுத்தன்றிப் பிறிதில்லை. எழுத்தாயின் அதனை ஒலியாக்கலாமன்றோ?

அவ்வாறு ஒலியாக்குவதே திரைவாசிப்பான் என்னும் நிரல். ஐ.பி.எம். நிறுவனத்தில் ஜிம் தாச்சர் என்பார் ஆக்கிய திரைவாசிப்பான் 1986 இல் தோன்றியது. பார்வையிழந்த ரெட் ஹென்ரர் ஆக்கிய ஜாஸ் என்பது 1989 இல் வந்தது. இரண்டும் எழுத்துத் திரைக்கென்றே எழுந்தவை. பின்னர்ப் படச் சாளரங்கள் அலுவலகந்தோறும் பரவின. எழுத்துத் திரையைக் கேட்டு ஊதியம் பெற்றுவந்த பார்வையற்றோர், தம் தொழில் பறிபோகுமோ என்று அஞ்சினர். அவ்வச்சம் வீணானதன்று. கண்ணுடையார்க்கு எளிமை என்று வந்தது, கண்ணில்லார்க்குப் பல்லாண்டு இடராயிற்று. படச் சாளரத்தை வாசிக்கும் நிரல்கள் காலப்போக்கில் வந்தனவாயினும், முனையத்தை விடாது பற்றிநிற்போர் இன்றும் உளர். அதனைப் பழமைப் பற்று என்று இகழ்தல் தகாது.

காரணம் ஒன்று காட்டுதும். லினக்ஸ் இயங்குதளத்திலே ஸ்பீக்கப் என்றொரு திரைவாசிப்பான் உண்டு. அது இயங்குதளத்தின் கருவினுள்ளேயே அமைந்தது. நெடுங்காலம் புறத்தே நின்று, பின் பரிசோதனைப் பகுதியில் வைக்கப்பட்டு, 2020 ஆம் ஆண்டிலே முறையான உறுப்பாயிற்று. பேச்சுப்பொறி ஒன்று புறத்தே இணைக்கப்பட்டிருப்பின், கணினி விழித்தெழும்போது தோன்றும் செய்திகளையும் அது படித்துக்காட்டும். படச் சாளரத்தை மட்டும் நம்பியவரோ, அச்சாளரம் திறக்குமுன் பழுது நேருமாயின் பிறர் கண்ணை இரவல் வாங்கவே வேண்டும்.

தொழிற்படும் முறை வருமாறு. கட்டளையை எழுதி முடித்ததும் விடைவரிகளைக் குரல் படித்துச் செல்லும். தப்பியதை மீட்டுங் கேட்க வேண்டின், எழுதுமிடத்தைக் காட்டும் குறி நின்றவிடத்தே நிற்க, வாசிப்புக்குறி ஒன்று தனியே நகர்ந்து வரிவரியாகவும் சொற்சொல்லாகவும் எழுத்தெழுத்தாகவும் உரைக்கும். பழகியோர் குரலை மிக விரைவுபடுத்திக் கேட்பர். புதியோர் செவிக்கு அது வெறும் இரைச்சல். ஆதலால் இனிய குரலினும், விரைவிலும் சிதையாத பொறிக்குரலையே அவருட் பலர் விரும்புகின்றனர்.

இடர்களும் இல்லாமலில்லை. நிரல்நிரலாகப் பகுத்த பட்டியலைக் குரல் இடமிருந்து வலமாகப் படித்துச் செல்லும். பத்திரிகையின் இரண்டு பத்திகளை ஊடறுத்து வாசித்தாற் போலப் பொருள் குழம்பும். வேலை எத்துணை முடிந்ததென்று ஒரே வரியைத் திரும்பத்திரும்ப மாற்றியெழுதும் நிரல்களோ, ஓயாது எண்களை ஓதிச் செவியை அலைக்கும். சிவப்பு வண்ணத்தால் மட்டும் பிழையைக் குறிப்பது கேட்பவர்க்கு யாதும் குறியாததே.

இவ்விடத்தே பூனாவிற் பிறந்த ரி. வி. இராமன் ஆக்கிய ஈமாக்ஸ்பீக் நினைக்கத்தக்கது. இளமையிற் பார்வையிழந்த அவர், கோர்னெல் பல்கலைக்கழகத்தில் 1994 இல் கலாநிதிப் பட்டம் பெற்று, மறுவருடம் இதனை வெளியிட்டார். திரையிற் கிடப்பதைப் படிப்பது போதாது, பொருளைப் பேசவேண்டும் என்பது அவர் கொள்கை. நாட்காட்டியில் ஏனைய வாசிப்பான்கள் வெறுமனே ‘பன்னிரண்டு’ என்று உரைக்குமிடத்து, ஈமாக்ஸ்பீக் கிழமையும் மாதமும் ஆண்டும் சேர்த்து முழுத் தேதியாகக் கூறும். தலைப்புக்கு ஒரு குரல், உரைக்கு ஒரு குரல் என வேறுபடுத்தியும் சொல்லும். செய்யுளையும் உரையையும் வேறுவேறு ஓசையிற் படித்துக்காட்டும் நல்லாசிரியர் செயல் இதுவேயாகும்.

தமிழின் நிலை யாது? ஈஸ்பீக் என்னும் இலவசப் பேச்சுநிரல் தமிழையும் பேசும். ஆயினும் லினக்ஸின் வெறும் முனையத்தில் நம் எழுத்துக்கள் ஒழுங்காக உருப்பெறுவதில்லை. தொடர்ந்து ஒலிக்குங்கால் தந்நகரத்தையும் றன்னகரத்தையும் செவி பிரித்தறியமாட்டாது. எழுத்தெழுத்தாகக் கேட்டே தெளிய வேண்டும். இவை சிறு குறைகள். பெருங்குறை நம் கையிலே உள்ளது. ஈழத்தில் வினாத்தாள், சுற்றறிக்கை, நூல் எனப் பலவும் பாமினி எழுத்துருவில் அடிக்கப்பட்டன. அவ்வெழுத்துரு ஆங்கில எழுத்துக்களின் மேல் தமிழ் வடிவைப் போர்த்தியது. கண்ணுக்குத் தமிழ், கணினிக்கு ஆங்கிலம். யுனிகோட் முறையிலோ ககரமும் அதன்பின் ஒகரக் குறியும் ஒலிக்கும் முறைப்படியே நிற்கும். கொம்பு முன்னே எழுதப்படுவது கண்ணுக்கு மட்டுமே. பாமினியில் அடித்த ‘தமிழ்’ என்னும் சொல்லைப் பார்வையற்ற மாணவன் ஒருவன் திரைவாசிப்பானிற் கேட்பானாயின், அவன் செவியில் விழுவது: ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி.