வயிறு பேசும் மொழி

அச்சம் மனத்தில் தோன்றுகிறது. ஆனால், 'வயிற்றைக் கலக்குகிறது' என்கிறோம். தீய செய்தி கேட்டால் 'வயிற்றில் புளியைக் கரைத்தது' என்கிறோம். பிறர் உயர்வைப் பொறாத நிலையை 'வயிற்றெரிச்சல்' என்று சுட்டுகிறோம். உணர்வை வயிற்றோடு இணைக்கும் இவ்வழக்குகளில் ஓர் உண்மை உறைந்துள்ளது. குடலுக்கும் மூளைக்கும் இடையே ஓயாத செய்திப் பரிமாற்றம் நிகழ்வதை இன்றைய அறிவியல் உறுதிசெய்துள்ளது. ஆட்டிசம் எனப்படும் மதியிறுக்கம் உடைய குழந்தைகளின் நலனுக்கு இத்தொடர்பு பயன்படுமா என்னும் ஆய்வும் நடைபெற்று வருகிறது.

இருவழிப் பாதை

செரிமானப் பாதையின் சுவர்களில் 10 கோடிக்கும் மேற்பட்ட நரம்பு செல்கள் உள்ளன. இவ்வமைப்பைக் குடல் நரம்பு மண்டலம் என்பர். மூளையின் ஆணைக்குக் காத்திராமல் குடலின் அசைவுகளைத் தானே நடத்தும் ஆற்றலுடையதால், 'இரண்டாம் மூளை' என்னும் பெயரும் இதற்கு உண்டு. இதனை மூளையோடு இணைக்கும் முதன்மைப் பாதை வேகஸ் நரம்பு ஆகும். அந்நரம்பின் இழைகளுள் ஏறத்தாழ 80 விழுக்காடு, உடலுறுப்புகளிலிருந்து மூளைக்குச் செய்தி கொண்டு செல்பவை. மூளை இடும் கட்டளைகளைவிட அது கேட்டறியும் செய்திகளே மிகுதி எனலாம்.

குடல்வாழ் நுண்ணுயிரிகள்

மனித உடலில் ஏறத்தாழ 38 இலட்சம் கோடி பாக்டீரியாக்கள் வாழ்கின்றன. அவற்றுள் பெரும்பாலானவை பெருங்குடலில் உள்ளன. நம்மால் செரிக்க இயலாத நார்ப்பொருள்களை அவை சிதைக்கின்றன. சில வைட்டமின்களை உருவாக்குகின்றன. நோய் எதிர்ப்பாற்றலைப் பண்படுத்துகின்றன.

மூளையின் செயல்பாட்டிலும் இவற்றுக்குப் பங்கு உண்டா? ஜப்பானின் கியூஷு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2004இல் வெளியிட்ட ஆய்வு இவ்வினாவுக்கு வலுச்சேர்த்தது. நுண்ணுயிரிகளே இல்லாமல் வளர்க்கப்பட்ட எலிகள், நெருக்கடியின்போது இயல்பைவிட மிகுதியான ஹார்மோன்களைச் சுரந்தன. நன்மை செய்யும் ஒருவகைப் பாக்டீரியாவை இளமையிலேயே குடலில் குடியேற்றியபோது அந்நிலை சீரடைந்தது.

தெரிந்து தெளிவோம்

போதிய அளவில் உட்கொள்ளும்போது உடலுக்கு நன்மை தரும் உயிருள்ள நுண்ணுயிரிகளே 'புரோபயாட்டிக்' எனப்படும். புளித்த மாவில் உள்ள நுண்ணுயிரிகள், இட்லி வேகும்போது ஆவியின் வெப்பத்தில் மடிந்துவிடுகின்றன. எனவே, இட்லி எளிதில் செரிக்கும் நல்லுணவாயினும் புரோபயாட்டிக் ஆகாது.

ஆட்டிசமும் குடலும்

ஆட்டிசம் என்பது மூளை வளர்ச்சியில் அமையும் வேறுபாடு. மருத்துவர் லியோ கேனர் 1943இல் 11 குழந்தைகளை ஆராய்ந்து இதனை விரித்துரைத்தார். பிறரோடு பழகுதல், கருத்தை வெளிப்படுத்துதல், ஒலி, ஒளி, சுவை முதலியவற்றை உணர்தல் ஆகியவற்றில் இக்குழந்தைகள் வேறுபடுகின்றனர். மலச்சிக்கல், வயிற்றுப்போக்கு, வயிற்றுவலி ஆகியனவும் இவர்களிடம் மிகுதியாகக் காணப்படுகின்றன.

அமெரிக்காவின் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், நலமுடையோரின் குடல் நுண்ணுயிரிகளை ஆட்டிசம் உடைய 18 குழந்தைகளுக்கு அளித்து, அதன் முடிவை 2017இல் வெளியிட்டனர். வயிற்றுத் தொல்லைகள் பெரிதும் குறைந்தன. நடத்தையிலும் முன்னேற்றம் தென்பட்டது. ஆயினும், ஆட்டிசம் உடைய, ஆனால் இச்சிகிச்சை பெறாத குழந்தைகளோடு ஒப்பிட்டுப் பார்க்கும் ஏற்பாடு அவ்வாய்வில் இல்லை. ஆகவே, முன்னேற்றம் நுண்ணுயிரிகளால் விளைந்ததா, வளர்ச்சியாலும் எதிர்பார்ப்பாலும் தோன்றியதா என்று துணிய இயலவில்லை. புரோபயாட்டிக் கொடுத்துச் செய்த ஆய்வுகளின் முடிவுகளும் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை.

எது காரணம்? எது விளைவு?

ஆஸ்திரேலியாவில் 247 குழந்தைகளிடம் நடத்தப்பெற்று 2021இல் வெளிவந்த ஆய்வு, சிந்தனையை வேறு திசைக்குத் திருப்பியது. ஆட்டிசம் உடைய குழந்தைகள் பலர், உணவின் மணமும் மென்மையும் ஒவ்வாமல் ஒருசில உணவுகளையே விரும்பி உண்கின்றனர். உணவின் வகை குறையக் குறையக் குடல்வாழ் நுண்ணுயிரிகளின் வகையும் குறைகிறது. குடல் மாற்றத்தால் ஆட்டிசம் தோன்றுகிறது என்பதைவிட, ஆட்டிசத்தால் உணவும் உணவால் குடலும் மாறுகின்றன என்பதே பொருந்தும் என அவ்வாய்வு கருதியது. இரண்டு நிகழ்வுகள் சேர்ந்து காணப்படுவதாலேயே ஒன்றை மற்றொன்றின் காரணமாகக் கொள்ளலாகாது என்பது அறிவியலின் அடிப்படை நெறி.

சொல்லப்படாத வலி

ஆட்டிசத்தைக் குணப்படுத்தும் மருந்தாக எந்தப் புரோபயாட்டிக்கும் இதுவரை ஏற்கப்படவில்லை. எனினும், அவ்வாறு கூறி விற்கப்படும் பொருள்களை நம்பிப் பெற்றோர் பொருளை இழக்கின்றனர். பேச்சுப் பயிற்சி முதலியவற்றுக்குரிய காலமும் வீணாகிறது. நோய் எதிர்ப்பாற்றல் குன்றிய குழந்தைகளுக்கு உயிருள்ள நுண்ணுயிரிகள் தீங்கும் விளைவிக்கலாம். ஆகவே, மருத்துவரின் அறிவுரை இன்றியமையாதது.

ஆய்வுகள் முடியும்வரை காத்திருக்க வேண்டாத கடமை ஒன்று உண்டு. 'வயிறு வலிக்கிறது' என்று சொல்ல இயலாத குழந்தை, மேசை விளிம்பில் வயிற்றை அழுத்தலாம், உறங்க மறுக்கலாம், தன்னையே அடித்துக்கொள்ளலாம். இவற்றை ஆட்டிசத்தின் இயல்பு என்று ஒதுக்கிவிட்டால், எளிதில் தீர்க்கத்தக்க மலச்சிக்கல்கூட நாள்தோறும் துன்பமாக நீடிக்கும். பெற்றோரும் ஆசிரியரும் அக்குறிப்பை உணர்ந்து மருத்துவரிடம் அழைத்துச் செல்லுதல் வேண்டும். வலி நீங்கிய குழந்தை அமைதியாக உறங்கும், கற்கும், விளையாடும். அவ்வுதவிக்குப் புதிய மருந்து எதுவும் தேவையில்லை. குழந்தையை உற்றுநோக்கும் கண்கள் போதும்.